ட்ரிஃப்ட் காருக்கு வேறு என்ஜின்: சூட்சுமம் குதிரைத்திறனில் மட்டும் இல்லை

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசனில் பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். லோடு இருக்கும்போது வண்டியின் பின்பக்கம் தரையோடு ஒட்டிக்கொண்டு வரும். மண்டியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, ஈரச் சாலையின் வளைவில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், வால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். இந்த வழுக்கலை வேண்டுமென்றே உண்டாக்கி, காரைப் பக்கவாட்டில் ஓட்டுவதுதான் ட்ரிஃப்ட்.

டயரின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. வண்டியை முன்னால் தள்ளும் விசை, வளைவில் வெளியே போகாமல் பிடித்து நிறுத்தும் விசை இரண்டும் அந்த எல்லைக்குள்தான் கிடைக்க வேண்டும். தள்ளுவதற்கே பிடிமானம் முழுக்கப் போய்விட்டால், பக்கவாட்டில் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. பின்சக்கரம் வழுக்கும். பிக்கப் டிரைவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். ட்ரிஃப்ட் ஓட்டுநரும் எதிர்ப்பக்கம்தான் திருப்புவார், ஆனால் காலை முழுதாக எடுக்க மாட்டார். வழுக்கல் தொடர வேண்டுமானால், வண்டி போகும் வேகத்தைவிடப் பின்சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் அதற்கு நிறைய முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் வலு, தேவை.

என்ஜினை மாற்றும் யோசனை அங்கிருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் விற்ற நிசான் 240எஸ்எக்ஸ் ட்ரிஃப்ட்காரர்களின் செல்லப் பழைய கார். எடை குறைவு, பின்சக்கர இயக்கம். ஆனால் அதன் 2.4 லிட்டர் என்ஜின் தருவது சுமார் 155 குதிரைத்திறன்தான். அதனால் பலர் அதை இறக்கிவிட்டு, 1997 கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் அறிமுகமான எல்எஸ்1 என்ற 5.7 லிட்டர் வி8 என்ஜினை ஏற்றுகிறார்கள். கார்வெட்டில் அது தந்தது 345 குதிரைத்திறன், சுமார் 475 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பழைய என்ஜினுக்கு இரண்டு மடங்குக்கு மேல். டர்போ என்ஜின்களில் காற்றழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இதில் அந்தத் தாமதம் இல்லை. வழுக்கும் காரைக் காலாலேயே கட்டுப்படுத்த வேண்டிய ஓட்டுநருக்கு இது பெரிய வசதி.

எட்டு சிலிண்டர் என்றதும் காரின் மூக்கு கனத்துப்போகும் என்றுதான் தோன்றும். ஆனால் எல்எஸ்1-இன் பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த உடல், அலுமினியம். வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் மேலே உள்ள ஹெட்டும் சிறியது. கழற்றிய நான்கு சிலிண்டர் என்ஜினின் பிளாக்கோ வார்ப்பிரும்பு. எனவே நினைக்கிற அளவு எடை கூடுவதில்லை. அதையும் முடிந்தவரை பின்னால் தள்ளி, என்ஜினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவரை ஒட்டி உட்காரவைப்பார்கள்.

நம் பட்டறைகளுக்கு என்ஜின் மாற்றும் வேலை புதிதில்லை. அம்பாசடரில் பெட்ரோல் என்ஜினை இறக்கி டீசல் ஏற்றியவர்கள் எத்தனையோ பேர். கான்டெஸாவுக்கு அதன் கம்பெனியே பழைய 1489 சிசி என்ஜினை விட்டுவிட்டு 1817 சிசி இசுசு என்ஜினைக் கொடுத்தது. ஆனால் என்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, உரிய அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. ட்ரிஃப்டுக்கு மற்ற வண்டிகள் வராத மூடிய தளம்தான் இடம். ஏற்கெனவே லாரிகள் பிரேக் இழந்து உயிர்கள் போகிற தொப்பூர் கணவாயிலோ, வத்தல்மலை வளைவுகளிலோ இதை யாரும் முயலவே கூடாது.

சரி, என்ஜின் உட்கார்ந்துவிட்டது. உண்மையான சூட்சுமம் அதற்குப் பின்னால்தான். கியர்பாக்ஸிலிருந்து, பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான கிரவுனுக்குப் போகும் ஜாயின்ட் ஷாப்ட்டை வெட்டி, அளவு சேர்த்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். அதன் இரு முனைகளிலும் கிராஸ் என்ற சிலுவை வடிவ மூட்டு இருக்கிறது. கிராஸ் ஒரு கோணத்தில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். மறுமுனையில் அதே கோணத்தில் இன்னொரு கிராஸ் இருந்தால், அது இந்த ஏற்ற இறக்கத்தை ஈடுசெய்துவிடும். அதற்கு ஷாப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே நேரில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையோர லாரி மெக்கானிக் ஜாயின்ட்டைக் கழற்றும்முன் அடையாளம் போட்டுக்கொள்வது இதற்காகத்தான். புது என்ஜின் சில டிகிரி சாய்ந்து உட்கார்ந்தாலும் கணக்கு தப்பும். வேகம் கூடக்கூட நடுக்கம் ஏறி, கிராஸ் தேய்ந்து, கடைசியில் ஷாப்ட்டே அறுந்துவிழலாம். ஒரு நல்ல கடைசல் பட்டறைக்காரரின் கை இந்த வேலையில் எவ்வளவு முக்கியம் என்பது இங்கே புரியும்.

பின்சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடுபவை, கிரவுனுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன் என்ற சின்னப் பல்சக்கரங்கள். அவற்றைப் பலர் பற்றவைத்துவிடுவார்கள். அப்போது இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலும். இல்லாவிட்டால் வளைவில் எடை குறைந்த உள்சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றும்.

கார் பக்கவாட்டில் போகும்போது ரேடியேட்டருக்கு நேராகக் காற்று வராது. அதனால் பெரிய ரேடியேட்டரும் வலுவான விசிறியும் வேண்டும். இதைவிடக் கவனிக்க வேண்டியது எண்ணெய். நீண்ட வளைவில், என்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் உள்ள எண்ணெய் முழுக்க ஒரு பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சும் குழாய் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுத்தால், சில நொடிகளிலேயே கிராங்க் ஷாப்ட்டைத் தாங்கும் பேரிங் தேயத் தொடங்கும். அதனால் சம்ப்பைக் கழற்றி, உள்ளே எண்ணெயை உறிஞ்சுகுழாயைச் சுற்றியே தேக்கிவைக்கும் தடுப்புத் தகடுகளைப் பொருத்துகிறார்கள். என்ஜின் வெளியே தொங்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை இது. ஏற்றிவிட்ட பிறகு, முன் குறுக்குச்சட்டம் சம்ப்பைக் கீழே இறக்க விடாது.