குதிரைக்குட்டிக்கு ஒரு நாள் கெடு

கடலூர்ப் பக்கம் மாடு கன்று போட்டால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சீம்பால் போகும். கன்று வயிறாரக் குடித்து மிஞ்சியது என்றால் சரி, சாப்பிடலாம். குட்டிக்கு முதல் உரிமை என்பது குதிரைக்கும் பொருந்தும், இன்னும் கண்டிப்பாக.

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் எதிர்ப்புப் புரதங்களை நஞ்சுக்கொடி வழியாக வாங்கிக்கொண்டு வந்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. தாயின் ரத்தத்துக்கும் குட்டியின் ரத்தத்துக்கும் நடுவே ஆறு அடுக்குத் திசு நிற்கிறது. ஐஜிஜி என்ற பெரிய எதிர்ப்புப் புரதம் அதைத் தாண்டாது. ஆக, குட்டி ஏறக்குறைய வெறுங்கையோடு பிறந்து, லத்தியும் ஈர வைக்கோலும் கிடக்கிற தரையில் விழுகிறது.

அந்த ஐஜிஜி முழுவதும் மடியில், சீம்பாலில் காத்திருக்கிறது. ஈனுவதற்கு முந்தைய சில வாரங்களில் தாயின் ரத்தத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது அது. வேடிக்கை இனிமேல்தான். நாம் சாப்பிடும் பருப்பின் புரதம் துண்டு துண்டாக உடைந்த பிறகே ரத்தத்தில் கலக்கும். பிறந்த குட்டியின் சிறுகுடலிலோ ஒரு தனிவகைச் செல்கள் இருக்கின்றன. அவை புரதத்தை உடைக்காமல் முழுசாக விழுங்கி, அந்தப் பக்கம் தள்ளிவிடுகின்றன. போதாததற்கு, புரதத்தைச் செரிக்கும் நொதியை அடக்கிவைக்கும் பொருளும் சீம்பாலிலேயே உண்டு.

இந்தச் செல்களுக்கு ஆயுசு கம்மி. முதல் ஆறு, எட்டு மணி நேரம் உறிஞ்சுதல் மும்முரமாக நடக்கும். 24 மணி நேரத்துக்குள் வேறு செல்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு சீம்பால் ஊற்றினாலும் ஐஜிஜி ரத்தத்துக்குப் போகாது.

அதனால்தான் ‘நஞ்சுக்கொடி விழுந்த பிறகு பால் விடு’ என்ற பேச்சு ஆபத்தானது. மாட்டுக்கே அது தப்பு. குட்டி முட்டிக் குடிக்கும்போது தாய்க்குச் சுரக்கும் ஆக்ஸிடோசின், கருப்பையைச் சுருக்கி நஞ்சு விழவும் உதவும். நல்ல குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும், இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்கும். நஞ்சு விழ மூன்று மணி நேரம் வரை ஆகலாம். எது முந்துகிறது பாருங்கள்.

ஈனுவதற்கு முன்பே காம்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தால் உஷாராக வேண்டும். மடி சீம்பாலை இரண்டாம் முறை செய்து தராது. வேறொரு குதிரையின் சீம்பாலை உறையவைத்திருந்தால் புட்டியில் கொடுக்கலாம். குடித்தது போதுமா என்பதை 18 முதல் 24 மணி நேரத்துக்குள் ரத்தம் சொல்லிவிடும். ஐஜிஜி டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 400-க்குக் கீழே என்றால் பாதுகாப்பு வந்து சேரவே இல்லை என்று பொருள். மருத்துவர் நரம்பு வழியாகப் பிளாஸ்மா ஏற்ற வேண்டியிருக்கும். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.