காட்டுணவு என்றால் எந்தக் காட்டு உணவு?

'வைல்டு ஃபுட்' என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் 'காட்டுணவு' என்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் 'அம்மா காட்டுக்குப் போயிருக்கு' என்று ஒரு பிள்ளை சொன்னால், அது யானை நடமாடும் காடு இல்லை, மானாவாரிப் புஞ்சை. கிணற்றுத் தண்ணீர் இறைத்தால் தோட்டம், கண்மாய்த் தண்ணீர் பாய்ந்தால் வயல், வானம் பார்த்துக் கிடந்தால் காடு. மரமடர்ந்த காட்டை மலை என்றே சொல்லிவிடுவோம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊர்ப் பொருளில் எடுத்தால்தான் சொல் சரியாக உட்காருகிறது. நாம் சாப்பிடும் காட்டுணவில் பெரும்பகுதி வனத்திலிருந்து வருவதில்லை. சோளக்கொல்லை வரப்பு, பருத்திக்காடு, வேலி, கண்மாய்க்கரை, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குப்பைமேடு, இங்கிருந்துதான் வருகிறது. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை எல்லாம் களையெடுக்கப் போனவர்கள் மடியில் கட்டிக்கொண்டு வருபவை. காலையில் களை, ராத்திரி கடைசல். யாரும் விதைக்காமல் தானாக விளைந்ததை, தானாகத் திரிவதை எடுத்துச் சாப்பிட்டால் அது காட்டுணவு. முதல் மழைக்குக் கிளம்பும் ஈசலும் வயல் நண்டும் இதில் சேர்த்திதான்.

அதலக்காயைப் பாருங்கள். கரிசல் மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கிக் கிடந்து, மழை விழுந்ததும் கொடியாகக் கிளம்பும். பாகற்காயின் ஒன்றுவிட்ட தம்பி. விரல்கணு அளவு, உடம்பெல்லாம் வரி, இரண்டு முனையும் கூம்பியிருக்கும். திருமங்கலத்தில் சாக்கை விரித்துக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் 'எந்தத் தோட்டத்துக் காய் ஆத்தா?' என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். 'தோட்டமா? இதை எவன்யா போடுவான், தன்னால கெடக்கு' என்றார். அப்புறம் அவரே, 'வச்சுக்கிட்டு இருக்காத, வெடிச்சுப் போகும்' என்றார். உண்மைதான், மறுநாள் பையைத் திறந்தால் பாதிக் காய் பிளந்து விதையைக் காட்டிக்கொண்டிருந்தது. முனை இரண்டையும் கிள்ளி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு சுருள வதக்கி, வறுத்த நிலக்கடலைப் பொடி தூவினால் கசப்பு அப்படியே இருக்கும், ஆனால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கும்.

பாட்டி சொன்ன 'தன்னால கெடக்கு' என்பதற்கு நேரான பழைய சொல் ஒன்று இருக்கிறது. மூவேந்தர் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது, பாரியைப் பட்டினி போட்டு வெல்ல முடியாது என்று கபிலர் சொல்கிற புறநானூற்று 109ஆம் பாட்டில், 'உழவர் உழாதன நான்கு பயன் உடைத்தே' என்று வரும். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன், இவைதான் அந்த நான்கு. (மூங்கில் பூத்து நெல் தருவது பல வருஷங்களுக்கு ஒருமுறைதான். கபிலர் அதைப் பகைவரிடம் சொல்வாரா என்ன!) பறம்பு என்பது சிங்கம்புணரிப் பக்கமுள்ள இன்றைய பிரான்மலை. ஆக 'உழாதன' நம்ம வட்டாரத்துச் சொல்தான். வாடா மலர், வற்றா ஊற்று போல 'உழாவுணவு' என்று சொன்னால் வனம், வரப்பு இரண்டுக்கும் பொருந்தும். 'இயற்கை உணவு' சரிப்படாது, அதைக் கடைக்காரர்கள் உரம் போடாத அரிசிக்கு எழுதிவைத்துவிட்டார்கள்.

கீரைக்கு மட்டும் என்றால் 'அடகு' என்று ஒரு சொல் இருந்தது. புறநானூறு 159இல் குப்பைக்கீரைத் தளிரைக் கொய்து, உப்பில்லாமல், மோரில்லாமல், சோற்றையே மறந்து 'பாசடகு' தின்னும் ஒரு குடும்பத்துப் பெண் வருகிறாள். சிறுபாணாற்றுப்படையில் வருபவள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பின்றி வேகவைத்து, பார்த்தால் ஏசுவார்கள் என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். ஏன் சாப்பிட்டார்கள் என்றால் முதல் பதில் இதுதான், பசி. ஆனால் பசி மட்டுமென்றால் பசி தீர்ந்ததும் விட்டிருப்போமே. சுக்கங்காயை மோரில் ஊறப்போட்டு வற்றல் போடுவதும், சளிக்குத் தூதுவளை ரசம் வைப்பதும், மழை பெய்தால் புற்றுக்காளான் தேடி ஓடுவதும் ருசியும் பழக்கமும் சேர்ந்து வந்தவை. இன்றைக்கு அடகு என்றால் நகைதான் ஞாபகம் வருகிறது, அந்தச் சொல்லை மீட்பது கஷ்டம்.

இனி 'ஃபோரேஜிங்', இப்படித் தானாக விளைந்ததைத் தேடி எடுப்பதற்கான ஆங்கிலச் சொல். அதன் வேர் பழைய பிரெஞ்சில் வைக்கோல், மாட்டுத்தீவனம். படைகள் போகிற வழியில் தீவனமும் தானியமும் திரட்டியதற்கும் அதே சொல்தான். இதற்கு ஒற்றைத் தமிழ்ச்சொல் தேடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நாம் கீரையைக் கிள்ளுகிறோம், கிழங்கைத் தோண்டுகிறோம், நாவற்பழத்தைப் பொறுக்குகிறோம், தேனை எடுக்கிறோம், ஈசலைப் பிடிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கை வேறு, வினையும் வேறு. 'உணவு தேடல்' என்று மொத்தமாக மூடினால் அந்த வித்தியாசம் போய்விடும்.

வித்தியாசம் தெரியாமல் தோண்டினால் உயிருக்கே ஆபத்து. செங்காந்தளின் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு சமைத்தாலும் போகாது. தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் கிழங்கிலும் காளானிலும் கை வைக்க வேண்டாம்.

எழுத்தில் 'உழாவுணவு' என்றே எழுதப் போகிறேன். சந்தையில் போய் அப்படிக் கேட்டால் பாட்டி மேலும் கீழும் பார்ப்பார், அங்கே அதலக்காய் என்றே கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிடைக்கும், காலையிலேயே போக வேண்டும்.