அலுமாரியில் சாகும் கமராக்கள்

வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அண்மையில் ஒரு சிறிய டிஜிட்டல் கமராவை என் திருத்தகத்துக்குக் கொண்டுவந்தார். அதைப் பருத்தித் துணியில் சுற்றித் தோல் உறைக்குள் இட்டு, உறையையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, அலுமாரியில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே 17 ஆண்டுகள் பத்திரமாகப் பாதுகாத்து வந்தார். “தம்பி, இதை நான் பெரிசாப் பாவிக்கவே இல்லை, புதுசு மாதிரித்தான் வைச்சிருக்கிறன்” என்றார். வெளித்தோற்றத்தில் அது உண்மைதான். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வில்லைக்குள் சிலந்தி வலை போலப் பங்கசு படர்ந்திருந்தது, பற்றரி வீங்கி அதன் அறைக்குள் இறுகியிருந்தது, பொத்தான்களுக்கு அடியில் இருந்த செப்புத் தடங்கள் பச்சை பூத்திருந்தன. அதே வாரம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கலியாணப் படப்பிடிப்பாளர் கொண்டுவந்த கமரா, மூலைகளில் நிறம் போய், கைப்பிடி இறப்பர் உரிந்து, பார்ப்பதற்குப் பரிதாபமாக இருந்தாலும், தூசி தட்டிச் சுத்தம் செய்ததும் அன்றே வேலைக்குப் போய்விட்டது.

பழைய கமராவை வைத்திருக்கலாமா, விட்டுவிடலாமா என்று கேட்பவர்களிடம் நான் அதன் வயதையோ மெகாபிக்சல் எண்ணிக்கையையோ முதலில் விசாரிப்பதில்லை. கடைசியாக எப்போது அதில் படம் எடுத்தீர்கள் என்றுதான் கேட்பேன். நான் பார்த்த அளவில், கொழும்பில் கமராக்கள் கையில் இருந்து பழுதாவதைவிட அலுமாரியில் இருந்து பழுதாவதே அதிகம். பாவிக்கப்படும் கமராவுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கின்றன, அதன் பற்றரி ஏற்றி இறக்கப்படுகிறது, ஒரு கோளாறு தொடங்கும்போதே கண்ணில் படுகிறது. பூட்டி வைத்ததற்கு இவற்றில் ஒன்றுமே கிடைப்பதில்லை.

காரணம் நமது காற்று. கொழும்பின் சாரீரப்பதன், அதாவது காற்றிலுள்ள ஈரத்தின் அளவு, ஆண்டின் பெரும்பகுதியில் 70 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் நிற்கிறது. மழை நாட்களில் அதையும் தாண்டுகிறது. வில்லைகளில் பங்கசு வளர்வதற்கு 60 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனும் இருட்டும் அசைவற்ற காற்றும் இருந்தால் போதும், அலுமாரி இவை மூன்றையும் தாராளமாகவே கொடுக்கிறது. தோல் உறை இன்னும் மோசமானது, ஏனெனில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு பங்கசுக்கு உணவாகவும் அமைகிறது. பங்கசு கண்ணாடியின் மேல் வெறுமனே படிந்திருப்பதோடு நிற்பதில்லை. அது சுரக்கும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை மெல்ல அரிக்கிறது, நாட்பட்டால் கண்ணாடியிலும் தழும்பு விடுகிறது. தொடக்கத்தில் பிடித்தால் வில்லையைப் பிரித்துத் துடைத்துவிடலாம். தழும்பு விழுந்த பிறகு பங்கசை அகற்றலாமே தவிர, வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்களில் தெரியும் மங்கலை அகற்ற முடியாது. ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட இரு கண்ணாடிகளுக்கு இடையில் அது நுழைந்திருந்தால் நான் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு வில்லையின் பங்கசு மற்ற வில்லைகளுக்கும் தொற்றும் என்று பயந்து, நல்ல நிலையில் உள்ளவற்றையும் சேர்த்து விற்றவர்களை எனக்குத் தெரியும். பங்கசின் வித்திகள் ஏற்கெனவே எல்லாக் காற்றிலும் உள்ளன. அவை முளைப்பதா இல்லையா என்பதை ஈரமே தீர்மானிக்கிறது.

வைத்திருக்கத் தீர்மானித்தவர்கள் தோல் உறையைக் கழற்றிவிட்டு, மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் கமராவை வைக்கலாம். மலிவான ஈரமானி ஒன்றையும் உள்ளே போட்டு, அது 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல்லாக இருந்தால், நிறம் மாறியதும் வெதுப்பியில் ஏறத்தாழ 110 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தித் திரும்பவும் பாவிக்கலாம். மாற்றாமலே விட்ட ஜெல் வெறும் மணல்தான். அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அதன் மா தூளாகி வில்லையின் பற்சில்லுகளுக்குள் போவதை நான் பலமுறை துடைத்திருக்கிறேன்.

பற்றரிதான் அடுத்த விடயம், உண்மையில் ஆபத்தானதும் அதுதான். லித்தியம் பற்றரியை முழுதாக ஏற்றியோ முழுதாக இறக்கியோ நீண்ட காலம் வைக்கக் கூடாது. பாதியளவு ஏற்றி, கமராவிலிருந்து வெளியே எடுத்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வீங்கிய பற்றரியைத் திருகாணிச் செலுத்தியால் நெம்பி எடுக்க முயல வேண்டாம், ஏனெனில் துளை விழுந்தால் அது தீப்பிடிக்கும். ஆண்டுக்கணக்கில் செத்துக் கிடந்த பற்றரியை வேறு சார்ஜரில் போட்டு “உசுப்பிவிட்டேன்” என்று பெருமைப்படுவோரும் உண்டு; உள்ளே செப்புக் கரைந்து படிந்த ஒரு பற்றரி எப்போது குறுக்குச் சுற்றாகும் என்று எவராலும் சொல்ல முடியாது. சாதாரண பேனா பற்றரியில் இயங்கும் பழைய கமராக்கள் இந்த வகையில் கொடுத்து வைத்தவை, புறக்கோட்டையில் எந்தக் கடையிலும் அவற்றுக்கு உணவு கிடைக்கும். அவற்றில் அல்கலைன் பற்றரி கசிந்து வெண்பொடி பூத்திருந்தால், பஞ்சில் சிறிது வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு நன்றாக உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதைப் படித்துவிட்டு எவரும் கமராவை வீட்டில் பிரிக்கத் தொடங்கிவிடக் கூடாது. பிளாஷுக்கு மின்னைத் தேக்கி வைக்கும் கொள்ளளவியில் ஏறத்தாழ 300 வோல்ட் இருக்கும், அது பற்றரியைக் கழற்றிய பிறகும் சில நேரங்களில் நாட்கணக்கில் தங்கியிருக்கும். இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் ஒருநாள் கவனம் பிசகி அதில் விரல் வைத்தேன்; அன்று பிற்பகல் முழுவதும் நான் திருகாணியைத் தொடவில்லை.

திருத்தினால் பயன் உண்டா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் உதிரிப்பாகத்திலேயே தங்கியிருக்கிறது. உற்பத்தி நின்று சில ஆண்டுகளுக்குப் பிறகு தயாரிப்பாளர்கள் உதிரிப்பாகங்களையும் நிறுத்திவிடுகிறார்கள். சில நிறுவனங்கள் இந்தத் தொழிலிலேயே இப்போது இல்லை: கொனிக்கா மினோல்ட்டா 2006இல் கமராத் துறையை விட்டு விலகியது, கொடாக் 2012இல் டிஜிட்டல் கமராக்களைக் கைவிட்டது. ஆகவே ஒரு கமராவுக்கு இன்னொரு செத்த கமராவே உறுப்புத் தானம் செய்ய வேண்டியிருக்கிறது. 2000களின் முற்பகுதியில் தயாரான சில மாதிரிகளில் படம் ஊதாக் கோடுகளாக வந்தால், அல்லது திரை முற்றிலும் கறுத்தால், செலவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஒளியைப் படமாக மாற்றும் உறுப்பான உணரியில், சோனி தயாரித்த ஒன்றின் உட்கம்பி இணைப்புகள் வெப்பத்திலும் ஈரத்திலும் விட்டுப்போகும் குறைபாடு 2005இல் வெளிவந்தது. அந்த உணரியைப் பொருத்தியிருந்த கனொன், நிக்கோன், புஜிபில்ம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் அப்போது இலவசமாகத் திருத்திக் கொடுத்தன, ஆனால் அந்தச் சலுகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

தொழிலுக்குப் பாவிப்போரின் கணக்கு வேறு. நிக்கோன் டி90க்கு 100,000 தடவைகளும் கனொன் 5டி மார்க் 2க்கு 150,000 தடவைகளும் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சோதித்துச் சொன்னார்கள். இரண்டும் 2008இல் வெளிவந்தவை. அந்த எண்ணைத் தாண்டியதும் ஷட்டர் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, இரண்டு மடங்கு ஓடியவற்றையும் பாதியில் நின்றவற்றையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தாலி கட்டு இரண்டாவது முறை நடப்பதில்லை. கணக்கை அண்மித்த கமராவைக் கையிருப்புக் கமராவாக இறக்கிவிட்டு, கோயில் திருவிழாவுக்கோ குடும்பப் பயணத்துக்கோ கொண்டுபோவதே முறை. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு, டொலர் இரண்டே மாதங்களில் சுமார் 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயைத் தாண்டியபோது, புதிய கமரா வாங்க முடியாமல் பழையதையே திருத்தித் திருத்தி ஓட்டியவர்கள் பலர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, அந்த ஆண்டு என் அடுப்பும் அவர்களால்தான் எரிந்தது.

அண்மைக் காலமாக இளைஞர்கள் பழைய சிறிய கமராக்களைத் தேடி வருகிறார்கள், அவற்றின் நிறம் போனில் வராது என்கிறார்கள். அந்த நிறத்தில் பெரும்பங்கு பிளாஷுக்கும் கமராவின் உள்ளே நடக்கும் படச் செயலாக்கத்துக்கும் உரியது, உணரியில் மாயம் ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்; ஆனாலும் அலுமாரியில் செத்துப்போக இருந்த கமரா ஒன்று காலிமுகத்திடலில் மாலை நேரம் உலவுவதில் எனக்கு மகிழ்ச்சியே. வாங்குமுன் அதன் பற்றரியும் மெமரி கார்டும் இப்போது கிடைக்குமா என்று பாருங்கள். எக்ஸ்டி வகைக் கார்டு இப்போது தயாரிக்கப்படுவதில்லை. எஸ்டி கார்டு போடும் கமராவானாலும் 2006க்கு முந்தியதாயின் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் பெரும்பாலும் ஏற்காது. கடற்கரைக்குக் கொண்டுபோனால் கவனம், மணல் ஒரு துகள் போதும், வெளியே நீண்ட வில்லை அப்படியே இறுகி நின்றுவிடும்.

விட்டுவிடத் தீர்மானித்தவர்கள் முதலில் படங்களை வெளியே எடுக்க வேண்டும். மெமரி கார்டு நிரந்தரப் பெட்டகம் அல்ல. மின் ஏற்றமாகச் சேமிக்கப்பட்ட தரவு ஆண்டுகள் செல்லச் செல்ல, அதுவும் நமது வெப்பத்தில், கசிந்து குறைகிறது. கார்டைத் தவிரக் கமராவுக்குள்ளேயே சிறிய நினைவகம் ஒன்று இருக்கக்கூடும், கார்டு போடாமல் எடுத்த படங்கள் அங்கேதான் கிடக்கும்; கார்டைக் கழற்றிவிட்டுக் கமராவை இயக்கினால் அவை தெரியும். விற்கும்போது கார்டைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அழித்த படங்களும் போர்மட் செய்த கார்டின் படங்களும் இலவச மென்பொருளாலேயே பெரும்பாலும் மீண்டு வருகின்றன. பிள்ளைகளின் பிறந்தநாளும் அடையாள அட்டையின் படமும் இருந்த கார்டுகள் பழைய கமராக்களோடு என் மேசைக்கு வந்திருக்கின்றன.

இயங்கும் கமராவைப் பாவிக்கக்கூடிய ஒருவருக்கு இன்றே கொடுங்கள், அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு அது இயங்காமல் போகலாம். இயங்காததை வீட்டுக் குப்பையோடு போடாமல், பற்றரியின் முனைகளை இன்சுலேசன் ரேப்பால் ஒட்டி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பற்றரி தீ மூட்டக்கூடும்.

ஆசிரியையின் கமராவைத் திருத்த முடியவில்லை. அதன் எக்ஸ்டி கார்டுக்கு என்னிடம் ஒரு பழைய ரீடர் இருந்ததால் 212 படங்களை எடுத்துக் கொடுத்தேன், அவற்றில் ஒன்பது பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகவே வந்தன. கமராவை உதிரிப்பாகத்துக்காக என்னிடமே விட்டுவிட்டு, தோல் உறையை மட்டும் மூக்குக்கண்ணாடி வைக்க உதவும் என்று கேட்டு வாங்கினார். அதை ஒரு முழு நாள் வெயிலில் காயவைத்த பிறகு பாவிக்கும்படி சொல்லி அனுப்பினேன்.