வரையாடு பார்த்த பதினைந்து நிமிடம்

பெருந்துறையிலிருந்து ஒரு இளைஞர் எழுதியிருக்கிறார். பழைய கார் ஒன்றை வாங்கி, துளையிட்ட பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) மாட்டி, அதைக் கவ்வும் காலிப்பருக்குச் சிவப்புச் சாயம் பூசி, ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவழித்திருக்கிறார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்த்த அன்று, சில சுற்றுகள் பிரேக் கச்சிதமாகப் பிடித்ததாம். வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிதித்தால், பெடல் தரைவரை போயிருக்கிறது. “ஓடும்போது போகாத பிரேக் நின்ற பிறகு எப்படிங்க போகும்?” என்பது அவர் கேள்வி.

இதே கேள்வியோடு நானும் ஒருநாள் நின்றிருக்கிறேன். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதுக்கு மேல் இறங்கியாயிற்று. அடிவாரத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ முனையில், பாறைமேல் வரையாடுகள் நின்றன. பதினைந்து நிமிடம் பார்த்தோம். திரும்பி வந்து மிதித்தால் பெடல் சேற்றில் கால் வைத்தது போல் இறங்கியது. அரைமணி நேரம் கழித்து எல்லாம் சரி. மறுநாள் மெக்கானிக் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். கூட வந்த என் மாமா மட்டும், அந்த வளைவில் முனி இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார்.

முனியைத் தேடுமுன் சின்னக் கணக்கு. 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், ஏறத்தாழ 1.18 கோடி ஜூல் ஆற்றலை எங்காவது கழித்தாக வேண்டும். நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். எஞ்சினும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்; மீதி பிரேக்கின் பங்கு. பந்தயத் தடத்தில் மலை இல்லை, வேகம் இருக்கிறது. அதே கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால், முன்பக்க டிஸ்க்குகள் சுமார் 60 டிகிரி சூடேறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

சூட்டில் பிரேக் கெடுவது இரண்டு விதம். ஒன்றில் பெடல் கல்லாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது: டிஸ்க்கை அழுத்தும் உராய்வுக் கட்டையான பேடைப் பிணைக்கும் பிசின் சூட்டில் சிதைந்து வாயு கக்க, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் பிடிமானம் குறைகிறது. அதற்கு மருந்து, அதிக வெப்பம் தாங்கும் பேட். நம் வாசகருடையது இரண்டாவது விதம், பெடல் இறங்குவது. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

பெடலின் அழுத்தத்தைக் குழாய் வழியாகக் காலிப்பருக்குக் கடத்துவதைப் பிரேக் ஆயில் என்கிறோமே, அது எண்ணெய் அல்ல. பெரும்பாலும் கிளைக்கால் (glycol) வகைத் திரவம். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை மூடாமல் வைத்தால் ஈரம் கோத்துக்கொள்வது போல, இதுவும் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ரப்பர் குழாயின் சுவர் வழியாகக்கூட. மட்டமான திரவம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளாத திரவமாக இருந்தால், புகுந்த நீர் காலிப்பரின் அடியில் தேங்கித் துருவேற்றும், 100 டிகிரியிலேயே கொதிக்கவும் செய்யும். கரைவதால் அந்த ஆபத்து தள்ளிப்போகிறது. ஆனால் இலவசமாக இல்லை. டாட் 3 (DOT 3) என்ற தரவகைத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, 3.7 சதவீதம் ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155.

இனிதான் வேடிக்கை. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது அல்லவா? பெடலை மிதித்திருக்கும்வரை பிரேக் குழாயும் அப்படித்தான். காலை எடுத்ததும் அழுத்தம் போய்விடுகிறது. ஓடும் வண்டியில் டிஸ்க்கின் நடு இடுக்குகள் காற்றை உள்ளிருந்து வெளியே வீசிக்கொண்டே இருக்கும்; வண்டி நின்றால் அந்த விசிறியும் நிற்கும். டிஸ்க்கில் இருந்த சூடு பேட் வழியாக, அதைத் தள்ளும் பிஸ்டன் வழியாக ஆற அமரத் திரவத்துக்குள் ஏறுகிறது. அழுத்தமும் இல்லை, காற்றும் இல்லை. கொதிக்க இதைவிட நல்ல நேரம் ஏது? நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். பிறகு நாம் மிதிப்பது திரவத்தை அல்ல, ஆவிக் குமிழிகளை. அவை நசுங்கி முடிவதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடுகிறது.

ஆறியதும் ஆவி மறுபடி நீராகித் திரவத்திலேயே கரைந்துவிடும். மெக்கானிக் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. தடயமே இல்லாத குற்றத்துக்கு முனியைத் தவிர வேறு யாரைக் கைகாட்டுவது? மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். பண்ணாரியில் கும்பிட்டுவிட்டுத் திம்பம் ஏறுவதிலும் எனக்குக் குறையில்லை. எலுமிச்சம்பழத்துக்கு ஆகும் செலவோடு ஆயிலுக்கும் சில நூறு ரூபாய் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவே.

பெரிய டிஸ்க் தேவையில்லை என்று சொல்லவில்லை. டிஸ்க்கின் எடை கூடினால் அதே அளவு வெப்பத்துக்குக் குறைவாகச் சூடேறும். தடத்தில் அது பெரிய லாபம். ஆனால் ஒரே ஒருமுறை பிரேக் பிடிக்கும்போது நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயரின் பிடிப்புதான். துளைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை: இரும்பைக் குறைத்து, விரிசலுக்கு இடம் கொடுக்கின்றன. பந்தய பேடோ குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. காலையில் அவிநாசி சாலையில் அலுவலகம் போகிறவருக்கு ஆகாது.

ஆகவே முதலில் ஆயிலை மாற்றி, குழாயில் காற்று எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். தடத்தில் ஓட்டுகிறவர் அடிக்கடி. கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிட்டு நிறுத்துவது பந்தயக்காரர்களின் பழக்கம். மலையிலோ, ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஒரு சின்ன ஆதங்கம். மாணவர்கள் பந்தயக் கார் கட்டினால் விளம்பரதாரர் கிடைக்கிறார்கள், நல்லதுதான். ஆழியாறு அடிவாரத்தில் உட்கார்ந்து, மலையேறும் வண்டிகளின் பிரேக் ஆயிலில் எத்தனை சதவீதம் ஈரம் என்று அளக்க ஒரு மாணவி பணம் கேட்டால் யார் தருவார்கள்?

பெருந்துறை நண்பர் கடிதத்தோடு படங்களும் இணைத்திருந்தார். டிஸ்க் பளபளக்கிறது. ஆயில் டப்பாவில் கடுங்காப்பி நிறம். நிறத்தை வைத்து ஈரத்தை அளக்க முடியாது என்றாலும், எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவில்லை என்று பதில் வந்தது.