செப்புத் திருமேனியை அரிக்கும் பச்சை

வயலிலோ அஸ்திவாரக் குழியிலோ பழைய சாமி சிலை கிடைத்தால், யாராவது புளியும் கையுமாக வந்துவிடுவார்கள். தயவுசெய்து தேய்க்க விடாதீர்கள். அந்தப் பச்சைக் களிம்பை எல்லாம் அழுக்கு என்று நினைப்பது தவறு.

நடராசரோ தீர்த்தங்கரரோ புத்தரோ, உலோகத்தில் பெரும்பகுதி செம்பு. மண்ணுக்குள் போனதும் செம்பின் மேல் முதலில் சிவந்த ஆக்சைடு படியும். நிலத்தடி ஈரத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயு அதன்மேல் பச்சைக் கார்பனேட்டை வளர்க்கும். இந்தப் படலம் இறுகிவிட்டால் அரிப்பு மெதுவாகிவிடும். சிற்பி உளியால் செதுக்கிய நகை வேலைப்பாடு பல இடங்களில் இந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கிறது. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். கூடவே சிலையின் பழமைக்கான சாட்சியும் போய்விடும். உலோகத்தின் வயதை அறியக் கார்பன் கணிப்பு உதவாது. சோழர் கால உற்சவர்கள் பெரும்பாலும் கன வார்ப்பு, அதாவது உள்ளே கூடில்லாமல் முழு உலோகமாக வார்த்தவை என்பதால் சோதிக்க உள்ளே மண் கருவும் கிடையாது. போலிச் சிலையில் அமிலம் பூசி வரவழைத்த பச்சை மேலோடு நிற்கும். இயற்கையான அரிப்போ உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளின் இடுக்கு வழியே உள்ளே இறங்கியிருக்கும்.

சரி, எல்லாப் பச்சையும் நல்லதா? இல்லை. வெளிறிய பச்சையில் மாவு போல உதிர்ந்தால் அது வெண்கல நோய். மண்ணின் உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, படலத்துக்கு அடியில் குப்ரஸ் குளோரைடாகப் பதுங்கியிருக்கும். தோண்டி எடுத்ததும் காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டு அது பச்சைப் பொடியாக மாறும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் புதுச் செம்பைத் தாக்கி மறுபடியும் குப்ரஸ் குளோரைடை உண்டாக்கும். துளி உப்பு போதும், சுற்று ஓயாமல் நடக்கும். செம்பில் களிம்பை, உயிரோடு ஒட்டியே இருக்கும் ஆணவ மலம் என்ற அழுக்குக்கு உவமையாக்கிய சைவ சித்தாந்திகள் இதை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்! 1856 முதல் 350க்கும் மேற்பட்ட பௌத்தத் திருமேனிகள் வெளிப்பட்ட நாகப்பட்டினம் போன்ற கடலோர மண்ணில் குளோரைடுக்குப் பஞ்சமில்லை.

சென்னை அருங்காட்சியகத்தில் 1930களிலேயே பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பால் இதற்கு வைத்தியம் பார்த்தார். காரக் கரைசலில் சிலையை எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால் குளோரைடு வெளியேறும். ஆனால் நல்ல படலமும் சேர்ந்து போய்விடும். அதனால் இப்போது பென்சோட்ரையசோல் என்ற அரிப்புத் தடுப்பு வேதிப்பொருளைத் தடவி, ஈரமில்லாத காற்றில் வைப்பதையே முதலில் பார்க்கிறார்கள்.

சிலை கிடைத்தால் கழுவாமல், உலர்ந்த இடத்தில் வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ உடனே சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி தகவல் மாவட்ட ஆட்சியருக்குப் போய்ச் சேர வேண்டும்.