ரிப்போர்ட் நார்மல், ஆள் நார்மல் இல்லை

கோவிட் வந்துபோய் எத்தனையோ மாதம், சிலருக்கு வருடங்களே ஆகியும் உடம்பு பழையபடி ஆகவில்லை என்று இன்னமும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். லாங் கோவிட் என்பது இதைத்தான். கையில் தடித்த ஃபைல். ஈசிஜி, எக்கோ, நெஞ்சு சி.டி., தைராய்டு, சர்க்கரை, ஈரல், கிட்னி, போதாக்குறைக்கு ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப். எல்லாம் நார்மல். கடைசிச் சீட்டில் பெரும்பாலும் ஒரு பதற்ற மாத்திரையும் வைட்டமின் மாத்திரையும் இருக்கும். கூட வந்தவர், "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு டாக்டர், ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க, நீங்களாவது இவளுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்பார்.

நான் பொது மருத்துவர், ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் இந்த ஃபைல்களைப் புரட்டிப் புரட்டி எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. அதிலுள்ள சோதனைகள் ஏறக்குறைய எல்லாமே ஆளைப் படுக்கவைத்தோ உட்காரவைத்தோ எடுத்தவை. நோயாளி சொல்லும் தொந்தரவோ நின்றால் வருகிறது, மாடி ஏறினால் வருகிறது, ஒரு நாள் முழுக்கத் துணி துவைத்து வீடு பெருக்கினால் மறுநாள் வருகிறது. வராத நேரத்தில் போய்த் தேடிவிட்டு இல்லை என்கிறோம்.

செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. நோயாளியைப் பத்து நிமிடம் அசையாமல் படுக்கவைத்து, பேச்சுக் கொடுக்காமல், துடிப்பும் பிபியும் ஒரு நிலைக்கு வந்ததும் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் எழுப்பி, குதிகால் சுவரிலிருந்து அரையடி முன்னால் இருக்கும்படி, தோள்பட்டை மட்டும் சுவரில் சாய்ந்திருக்க நிற்கவைக்க வேண்டும். காலை ஆட்டக்கூடாது, மாற்றி மாற்றி ஊன்றக்கூடாது, ஏனென்றால் கெண்டைக்கால் சதை அசைந்தால் அது ரத்தத்தை மேலே தள்ளிவிடும், சோதனை கெட்டுவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பு, பிபி. மொத்தம் பத்து நிமிடம்.

ஒரு பள்ளி ஆசிரியைக்கு இப்படிப் பார்த்தபோது, படுத்திருக்கையில் துடிப்பு 74. எழுந்ததும் 96. மூன்றாவது நிமிடம் 108, ஏழாவது நிமிடம் 121. பிபி இறங்கவேயில்லை. பாதம் இரண்டும் கருஞ்சிவப்பாக மாறி, விரலால் அழுத்தினால் வெளுத்து மெதுவாகத்தான் நிறம் திரும்பியது. "கண்ணு கட்டுது சார்" என்றார். கட்டிலில் படுத்த கொஞ்ச நேரத்தில் 80-க்கு வந்துவிட்டது. வகுப்பில் போர்டு பக்கம் நின்று பாடம் நடத்தும்போதும், காலையில் பிரேயரில் நிற்கும்போதும் அவருக்கு ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கூட வந்திருந்த கணவர் ஆக்ஸிமீட்டரின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார், எடுத்துச் சொல்லச் சொல்லி அதன்பிறகு கேட்கவில்லை.

இதற்கு பாட்ஸ் என்று பெயர். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. தானியங்கி நரம்புகள் உடனே ரத்தக்குழாய்களைச் சுருக்கி அதைச் சமாளித்துவிடும். அந்த நரம்புகள் சரியாக வேலை செய்யாவிட்டால் இதயம்தான் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. பெரியவர்களுக்கு நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு, படுத்திருந்தபோது இருந்ததைவிட 30-ஓ அதற்கு மேலோ ஏறி அப்படியே நிற்க வேண்டும், 12 முதல் 19 வயதுக்குள் இருந்தால் 40. பிபி விழக்கூடாது, தொந்தரவு மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும். ரத்தசோகை, நீர்ச்சத்துக் குறைவு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சில மாத்திரைகள் இவற்றாலும் துடிப்பு ஏறும் என்பதால் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். மனப்பதற்றத்தில்கூட படபடப்பு வரும், சரி. ஆனால் படுத்தவுடன் இறங்கி, எழுந்தவுடன் ஏறி, ஒவ்வொரு முறை செய்தாலும் அதே மாதிரி நடந்துகொள்வது பதற்றத்தின் குணம் இல்லை.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள், தலை சுற்றினால் உடனே படுத்துவிடுங்கள். இதய நோய் உள்ளவர்களும் ஏற்கெனவே மயங்கி விழுந்தவர்களும் வீட்டில் செய்யவே வேண்டாம்.

மூச்சுவாங்குகிறது என்பவர்களுக்கு இன்னொன்று: நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை ஒரு நிமிடம் விடாமல் செய்யச் சொல்லி ஆக்ஸிஜன் அளவைப் பார்ப்பது. உட்கார்ந்திருக்கும்போது 98 காட்டியது மூன்று புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் நுரையீரலை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். சி.டி. நன்றாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடக்கூடாது. ஆக்ஸ்ஃபோர்டில் பெர்கஸ் க்ளீசன் குழுவினர் செனான் வாயுவை உள்ளிழுக்கச் செய்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, சி.டி.யில் குறை தெரியாத நுரையீரல்களிலும் காற்று ரத்தத்துக்குள் கடக்கும் இடத்தில் கோளாறு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேராமலே கோவிட்டைக் கடந்தவர்கள் சிலருக்கும் அப்படி.

மறுநாள் வரும் அசதிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. "நேத்து நல்லாத்தான் இருந்தேன், கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன், இன்னிக்கு அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கேன்" என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் இருக்காது. ஆம்ஸ்டர்டாமில் இதைத் தசையிலேயே போய்ப் பார்த்தார்கள். 2024 ஜனவரியில் வந்த ஆய்வு. லாங் கோவிட் உள்ள 25 பேர், நலமாக இருந்த 21 பேர். எல்லோரையும் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் முடிந்தமட்டும் மிதிக்கவிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னும் மறுநாளும் தொடைச் சதையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசைச் செல்களில் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா முதலிலேயே மந்தம், மிதித்த மறுநாள் இன்னும் மோசம். தசை நார்கள் செத்துக்கிடந்த இடங்களும், அங்கே நோயெதிர்ப்புச் செல்கள் வந்து குவிந்திருந்ததும் தெரிந்தது. உழைத்தால் பலம் வரும் என்ற பொதுவிதி இவர்கள் தசையில் அப்படியே ஓடவில்லை.

அதனால்தான் "சும்மா படுத்தே இருக்காதீங்க, தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க, எல்லாம் சரியாயிடும்" என்ற அறிவுரையைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. மறுநாள் சரிவு இல்லாதவருக்கு அது நல்ல யோசனை. சரிவு உள்ளவருக்கு அது கெடுதல். இதே மாதிரி சரிவு முக்கிய அறிகுறியாக உள்ள நாட்பட்ட சோர்வு நோய்க்கு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-லேயே தன் வழிகாட்டுதலை மாற்றிவிட்டது.

மூளை பற்றியும் கேட்பார்கள், பேர் மறந்துபோகிறது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை என்று. பிரிட்டனில் யு.கே. பயோபேங்க் என்ற பெரிய ஆய்வில் சேர்ந்திருந்தவர்களுக்குக் கோவிட் வருவதற்கு முன்பே மூளை ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார்கள். நோய்க்கு முந்தைய படம் கையில் இருப்பது மருத்துவத்தில் அபூர்வம். 785 பேருக்கு இரண்டாவது முறை எடுத்தபோது, இடையில் கோவிட் வந்திருந்த 401 பேருக்கு, வாசனையோடு தொடர்புள்ள பகுதிகளில் வராதவர்களைவிடக் கூடுதலான தேய்மானம் இருந்தது, 0.2 முதல் 2 சதவீதம் வரை. அந்த 401 பேரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 15 பேர்தான். இது 2022-இல் வந்தது. 2024-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரிக் குழு, மூளை மந்தமாக இருப்பதாகச் சொன்னவர்களுக்கு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு கசிவதை எம்.ஆர்.ஐ.யில் காட்டியது.

காரணம் என்ன என்பதற்கு இன்னும் ஒரே பதில் இல்லை. வைரஸின் மிச்சம் உடம்பில் தங்குகிறது என்பது ஒரு வலுவான தடம். சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு கோவிட் வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனவர்களின் குடல் திசுவில்கூட வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் கண்டது. நோயெதிர்ப்பு அணையாமல் கனன்றுகொண்டிருப்பது இன்னொன்று. யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகி குழு 2023-இல் லாங் கோவிட் உள்ளவர்கள் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைவாக இருப்பதைக் காட்டியது. அதே வருடம் பென்சில்வேனியாவில், நரம்புகள் செய்தி கடத்த உதவும் செரடோனின் குறைகிறது என்றார்கள், பிறகு வேறொரு குழு பார்த்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. இப்படி ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் போகும்.

இதைப் படித்துவிட்டு லேபுக்கு ஓடி கார்டிசால், செரடோனின், ரத்தம் உறைவதைப் பார்க்கும் டி-டைமர் என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மேலே சொன்னவையெல்லாம் ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டால் தெரியும் வித்தியாசங்கள். உங்கள் ஒருவருடைய ரத்தத்தையோ எம்.ஆர்.ஐ.யையோ வைத்து இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ரிகவர் ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வழக்கமான 25 லேப் சோதனைகளைப் பார்த்துவிட்டு, லாங் கோவிட்டை அடையாளம் காட்டக்கூடியது இதில் ஒன்றும் இல்லை என்று 2024-இல் எழுதினார்கள். ஆக, கோவிட்டுக்குப் பிந்தைய பேக்கேஜ் என்று யாராவது ஆயிரக்கணக்கில் விற்றால் வாங்காதீர்கள். அசதிக்கு வாராவாரம் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்வதும் அதே ரகம்.

வழக்கமான சோதனைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க அவை கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. ஹீமோகுளோபின் 8 உள்ளவரை நிற்கவைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டிருப்பது வெட்டிவேலை. சர்க்கரை, தைராய்டு, பி12, எடை குறைந்து சாயங்காலக் காய்ச்சலும் இருந்தால் டி.பி., இதெல்லாம் பார்த்த பிறகுதான் நான் சொல்வது.

வைரஸ் போன பிறகும் நோய் தங்குவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. சிக்குன்குனியா 1964-இலேயே சென்னையிலும் வேலூரிலும் வந்தது, திரும்பவும் 2006-இல் ஊர் ஊராகப் படுக்கவைத்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போயிற்று, மூட்டுவலி சிலரை வருடக்கணக்கில் விடவில்லை. அவர்களிடம் யாரும் மனசுதான் காரணம் என்று சொல்லவில்லை, கணுக்கால் வீங்கியிருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதன் உறவுக்கார வைரஸான ராஸ் ரிவரையும் வேறு இரண்டு தொற்றுகளையும் ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதியில் 253 பேரிடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேருக்கு அசதி ஆளை முடக்கிவைத்திருந்தது. யாருக்கு அப்படி ஆகும் என்பதை முன்கூட்டிக் காட்டியது தொற்றின் தீவிரம். முன்பே மனநோய் இருந்ததா என்பது காட்டவில்லை. இது வெளிவந்தது 2006-இல், கோவிட்டுக்கு ரொம்ப முன்னால்.

பாட்ஸ் உறுதியானால் செய்வதற்கு நிறையவே இருக்கிறது. பிபி அதிகமோ இதய, சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் தண்ணீரையும் உப்பையும் கூட்டலாம். நீர்மோரில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னால் சந்தோஷமாகத்தான் செய்கிறார்கள். வயிறும் தொடையும் இறுகப் பிடிக்கும் காலுறை உதவும், ஆனால் நம் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது தண்டனை, காலையில் வேலை அதிகமுள்ள நேரத்துக்கு மட்டும் போடச் சொல்கிறேன். அடுப்படியில் உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சமைப்பது, வெந்நீர்க் குளியலைத் தவிர்ப்பது, ரேஷன் கடை வரிசைக்கு வீட்டில் வேறு ஆளை அனுப்புவது. இவை போதாதவர்களுக்குத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு, அதை டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். மறுநாள் சரிவு உள்ளவர்கள் தெம்பாக இருக்கும் நாளில் பாக்கி வேலையையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்யாமல், பாதியில் நிறுத்திப் படுக்கப் பழக வேண்டும். வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைக்காவிட்டால் இது நடக்காது.

டாக்டரிடம் வரும்போது ஒரு நோட்டில் இரண்டு வார விவரம் எழுதிக்கொண்டு வாருங்கள். என்ன வேலை செய்தீர்கள், எத்தனை மணி நேரம் கழித்து விழுந்தீர்கள், படுத்திருக்கும்போது துடிப்பு எவ்வளவு, நிற்கும்போது எவ்வளவு. விடுப்புக்குச் சான்றிதழ் கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் "உடல் சோர்வு" என்று மொட்டையாக எழுதுவதில்லை. படுத்திருக்கையில் துடிப்பு 74, நின்ற ஏழாவது நிமிடம் 121, தொடர்ந்து நிற்கும் பணி கூடாது, உட்கார்ந்து செய்யும் பணி தரலாம் என்று எழுதுகிறேன். அந்த ஆசிரியைக்கு வகுப்பில் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது. பிரேயரில் இன்னும் நிற்கத்தான் சொல்கிறார்களாம், அடுத்த கடிதம் தலைமையாசிரியருக்கு.