பாகொவும் பகோவும்: ஸ்பானிய வினைச்சொல்லில் அழுத்தம் விழும் இடம்

ஸ்பானிய வணிகக் கடிதம் ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டுவந்த என் மாணவி, 'அவர் பணம் கட்டினார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நான் பணம் கட்டுகிறேன்' என்று எழுதியிருந்தார். கடைசி எழுத்தின் மேலிருந்த சிறு சாய்கோட்டை, ஸ்பானியர் தில்தே என்று சொல்லும் அழுத்தக் குறியை, அவர் பொருட்படுத்தவில்லை. இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. தமிழில் அழுத்தம் இடம் மாறினால் சொல்லின் பொருள் மாறாது, குறில் நெடிலானால்தான் மாறும்.

ஆகவே அந்தக் குறில் நெடில் பழக்கத்தையே வகுப்பில் துணைக்குக் கொள்கிறேன். அழுத்தம் பெறும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதினால், பாகொ என்பது 'நான் கட்டுகிறேன்', பகோ என்பது 'அவர் கட்டினார்'. அப்லார என்பது 'அவர் பேசினால்' என்ற நிபந்தனையில் வருவது, அப்லரா என்பது 'அவர் பேசுவார்'. இது காதைப் பழக்குவதற்கு மட்டுமே. ஸ்பானிய மொழியில் உயிரின் நீளம் பொருளை மாற்றாது என்பதால், பேசும்போது இரண்டு மாத்திரைக்கு நீட்டிவிடக் கூடாது.

உயிரிலோ, ன், ஸ் ஆகிய மெய்களிலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையிலும், ஏனையவற்றுக்குக் கடைசி அசையிலும் அழுத்தம் விழும். இதை மீறும் சொல்லே பெரும்பாலும் தில்தே பெறும். அசையை எண்ணத் தெரியாமல் இந்த விதி பயன்படாது. நம் யாப்பில் 'வரும்' என்பது ஒரே நிரையசை. ஸ்பானியக் கணக்கில் அது இரண்டு அசை. 'நான் பேசுகிறேன்' என்பதை நம் நாக்கு ஆப்-லொ என்று பிரிக்கும். அவர்கள் ஆ-ப்லொ என்றே பிரிப்பார்கள்.

உயிர்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இகரமும் உகரமும் அழுத்தமின்றி நின்றால் பக்கத்து உயிரோடு ஒரே அசையாக ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் பெற்றால் அ, எ, ஒ ஆகியவற்றிலிருந்து பிரிந்து தனி அசையாகும். அதனால், ஒரே எழுத்துக்களைக் கொண்ட கொன்-தீ-நுவொ 'தொடர்ச்சியான' என்றும், நான்கு அசையுள்ள கொன்-தி-நூ-ஒ 'நான் தொடர்கிறேன்' என்றும், கொன்-தி-நுவோ 'அவர் தொடர்ந்தார்' என்றும் பொருள்படும். பின்னிரண்டுக்கும் தில்தே உண்டு, ஆனால் வெவ்வேறு எழுத்தின் மேல்.

பழைய பாடநூல் வைத்திருப்பவர்கள் ஒரு திருத்தம் செய்துகொள்ள வேண்டும். ஸ்பானிய அரச கழகத்தின் 2010ஆம் ஆண்டு எழுத்திலக்கணம், 'அவர் சிரித்தார்' என்னும் ரியோவை எழுத்துநோக்கில் ஓரசைச் சொல்லாகக் கொண்டு அதன் தில்தேயை நீக்கிவிட்டது. 'நான் சிரிக்கிறேன்' என்னும் ரீ-ஒ மட்டும் இகரத்தின் மேல் தில்தேயுடனேயே எழுதப்படுகிறது.